காஞ்சிபுரத்து டிசைன் பெட்டியும் கையொப்பம் கேட்கும் கம்ப்யூட்டரும்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அந்தத் தேதியை ஒட்டி ஏராளமான கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11க்கு மாறின. மாறிய கையோடு வீடுகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும் ஒரு புகார் கிளம்பியது. நேற்றுவரை திறந்த ஷேர் ஃபோல்டர் இன்று திறக்கவில்லை. வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி, அதாவது நாஸ், பச்சை விளக்கு எரிய உயிரோடுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் அதை அண்ட மறுக்கிறது.

காஞ்சிபுரத்தில் இந்தப் புகாருக்குக் கனம் அதிகம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் குழித்தறியும் கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. கீழே தறிச் சத்தம் கேட்கும். மாடியறையில் ஒரு டிசைனர் யாளியையும் அன்னத்தையும் ருத்ராட்சத்தையும் மானிட்டரில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருப்பார். முன்பு கிராஃப் பேப்பரில் பென்சிலால் நிரப்பிய அதே கட்டங்கள்தான். இன்று அவை பட ஃபைல்கள். கரைக்கு ஒன்று, உடலில் வரும் புட்டாவுக்கு ஒன்று, முந்தானைக்கு ஒன்று என்று ஒரு சேலைக்கே பல ஃபைல்கள் ஆகிவிடும். அப்பா காலத்து டிசைனை ஸ்கேன் செய்தது, வாடிக்கையாளர் அனுப்பிய பழைய சேலையின் போட்டோ, பாதியில் விட்ட வண்ணக் கலவை எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தின் தொழில் சொத்து அந்தச் சிறிய பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கும். ஹார்டு டிஸ்கில் இருக்கும் டிசைனை அந்தந்த வீடுதான் காக்க வேண்டும்.

ஒரு டிசைன் உண்மையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. துளை போட்ட அட்டைகளால் தறியை இயக்கும், 240 கொக்கிகள் கொண்ட ஜக்கார்டு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டையில் 240 இடங்கள். ஓர் இடத்தில் துளை இருந்தால் அந்தக் கொக்கி தூக்கப்படும், அதில் கட்டிய பாவு இழைகள் மேலே எழும். துளை இல்லையென்றால் எழாது. உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்கள். கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பிட். 240 பிட் என்றால் 30 பைட். முந்தானைக்கு 2000 அட்டைகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60,000 பைட், சுமார் 60 கிலோபைட். கட்டாகக் கட்டினால் ஒருவர் தூக்கத் திணறும் அட்டைகளில் இருக்கும் சேதி இவ்வளவுதான். வண்ணங்களும் அடுக்குகளும் போட்டோக்களும் சேரும்போதுதான் ஃபைல் பெருக்கிறது. ஃபைலின் அளவு சிறியதோ பெரியதோ, திறக்கவில்லையென்றால் தறி நிற்கும்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த, லியோன் நகரத்து ஜக்கார்டு தன் தறியை 1804இல் செய்தார். துளை போட்ட அட்டை என்ற கருத்தை அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். 1890 கணக்கெடுப்பு அவருடைய எந்திரங்களில்தான் எண்ணப்பட்டது. அவர் தொடங்கிய கம்பெனி 1911இல் வேறு கம்பெனிகளோடு இணைந்தது. 1924இல் அதன் பெயர் ஐபிஎம் ஆனது. அதே ஐபிஎம்மில் 1980களின் தொடக்கத்தில் பேரி ஃபைகன்பாம் என்ற பொறியாளர், ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டர் தன்னுடையதுபோலவே திறக்க ஒரு முறையை எழுதினார். அதுதான் எஸ்எம்பி. இன்று உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரும் நாஸ் பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழி. தறியின் அட்டையிலிருந்து கிளம்பிய ஒரு வம்சாவளி, சுற்றிச் சுற்றி வந்து தறிக்காரர் வீட்டு மாடியிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது.

நாஸ் பெட்டி என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். மானிட்டரும் கீபோர்டும் கிடையாது, அவ்வளவே. பெரும்பாலானவற்றின் உள்ளே லினக்ஸ் ஓடுகிறது. லினக்ஸுக்கு எஸ்எம்பி பேசக் கற்றுக்கொடுத்தது சாம்பா என்ற மென்பொருள். கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1990களின் தொடக்கத்தில் எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது அது. ரௌட்டரின் பின்னால் யூஎஸ்பி துளையில் ஹார்டு டிஸ்க்கைச் செருகி ஷேர் செய்கிறீர்களா? அங்கேயும் வேலை செய்வது பெரும்பாலும் சாம்பாதான். எந்த ஆண்டின் சாம்பா என்பதில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

ஃபைகன்பாம் எழுதிய காலத்தில் நெட்வொர்க் என்றால் ஓர் அலுவலகத்தில் ஒரே கேபிளில் தொங்கும் சில கம்ப்யூட்டர்கள். எல்லோரும் தெரிந்தவர்கள். அந்த நம்பிக்கையில் பிறந்த எஸ்எம்பியின் முதல் பதிப்பு பல ஆண்டுகள் ஓடியது. விண்டோஸ் விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பும், 2012இல் விண்டோஸ் 8ஓடு மூன்றாம் பதிப்பும் வந்தன. சாம்பா 2011இல் வந்த 3.6இல் இரண்டாம் பதிப்பைப் பேசத் தொடங்கியது. மலிவான ரௌட்டர்களும் பழைய பெட்டிகளும் அதற்கும் முந்தைய சாம்பாவை உள்ளே வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் விற்பனையாயின. அவற்றுக்கு முதல் பதிப்பைத் தவிர வேறு பேசத் தெரியாது.

முதல் பதிப்பைக் கைவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்டில் எஸ்எம்பியைக் கவனித்துவந்த நெட் பைல் 2016 செப்டம்பரிலேயே வெளிப்படையாக மன்றாடினார். எட்டு மாதம் கழித்து, அதைக் கேட்காததன் விலை தெரிந்தது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் பரவியது. அது நுழைந்த ஓட்டை எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்தது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியாகியிருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களில், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகத் தாவி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது.

அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கின. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பி முதல் பதிப்பை முழுமையாகச் சேர்க்கவில்லை. எஞ்சியிருந்ததையும் 15 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் தானே கழற்றிப் போட்டது. சாம்பாவும் 2019இல் வந்த 4.11இல் முதல் பதிப்பை மூடி வைத்தது. பிறகு 2024 அக்டோபர் 1 அன்று வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட் இரண்டு பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தது. ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் எஸ்எம்பி பேச்சு முழுவதும் கையொப்பத்தோடுதான் நடக்க வேண்டும் என்பது ஒன்று. பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளியாக, கெஸ்ட்டாக, உள்ளே விடும் பெட்டிகளோடு ப்ரோ பதிப்பு இனிப் பேசாது என்பது மற்றொன்று. ஹோம் பதிப்புக்கு விதிகள் இவ்வளவு கடுமையாக இல்லாததால், ஒரே வீட்டில் மகளின் லேப்டாப்பில் திறக்கிற ஃபோல்டர் அப்பாவின் கம்ப்யூட்டரில் திறக்காமல் போகலாம். இதைப் பார்த்துவிட்டு அப்பாவின் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம்.

கையொப்பம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லாச் சிக்கலின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. இது பூட்டு அல்ல. அந்தக் காலத்துக் கடித உறையில் வைக்கும் அரக்கு முத்திரை மாதிரி. நடுவில் இருப்பவர் கடிதத்தைப் படித்துவிட முடியும், ஆனால் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சிறிய கணக்கின் விடை ஒட்டிப் போகிறது. செய்தியையும் ஒரு ரகசியச் சாவியையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. பெட்டி தன் பக்கத்தில் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தினால் செய்தி நடுவில் கைபடாமல் வந்திருக்கிறது என்று பொருள். பொருந்தாவிட்டால் பேச்சு முறியும். நடுவில் புகுந்து ஒருவருடைய லாகினை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடத்திவிடும் தாக்குதலை 2001லேயே செய்து காட்டிவிட்டார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தக் கையொப்பம். இந்த வசதி 1990களின் இறுதியிலிருந்தே விண்டோஸில் இருக்கிறது. கட்டாயமாக்கியதுதான் புதிது.

அந்த ரகசியச் சாவி எங்கிருந்து வருகிறது? பாஸ்வேர்டிலிருந்து. நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழையும் அந்த நொடியில், இரண்டு பக்கமும் அதை வைத்துத் தனித்தனியாக ஒரே சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. பாஸ்வேர்டு வயரில் போவதே இல்லை. இப்போது கெஸ்ட்டை யோசித்துப் பாருங்கள். அவருக்குப் பாஸ்வேர்டு கிடையாது. பாஸ்வேர்டு இல்லையென்றால் சாவி இல்லை, சாவி இல்லையென்றால் கையொப்பம் இல்லை. "எல்லோரும் கையொப்பமிட வேண்டும்" என்ற விதியும் "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்ற பழக்கமும் ஒரே வீட்டில் குடியிருக்கவே முடியாது. கெஸ்ட்டாகத் திறந்து வைத்த பெட்டி அப்டேட்டுக்குப் பின் திறக்காமல் போனது இந்தக் கணிதத்தால்தான். டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை.

இனி, திறக்காத பெட்டியை எங்கிருந்து பார்ப்பது? விண்டோஸில் "நெட்வொர்க்" என்ற இடத்தில் பெட்டியின் பெயர் தெரியவில்லை என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை நம்பாதீர்கள். பழைய காலத்தில் அதைத் தயாரித்த சேவை எஸ்எம்பி முதல் பதிப்பைச் சார்ந்திருந்தது. முதல் பதிப்பு போனதும் அந்தச் சேவையும் போனது. இப்போது வேறொரு அறிவிப்பு முறை அந்த வேலையைச் செய்கிறது. எல்லாப் பெட்டிகளும் அதைப் பேசுவதில்லை. அப்டேட்டுக்குப் பின் நெட்வொர்க் "பப்ளிக்" என்று மாறியிருந்தாலும் பட்டியல் காலியாக இருக்கும். அதை "பிரைவேட்" ஆக்கிவிட்டால் பெயர்கள் வந்துவிடலாம். பெயர் தெரியாததால் பெட்டி இல்லை என்று ஆகாது.

முதலில் பிரௌசரைத் திறந்து பெட்டியின் ஐபி முகவரியை அடியுங்கள். 192.168 என்று தொடங்கும் அந்த எண் தெரியாவிட்டால் ரௌட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் கிடைக்கும். பெட்டியின் நிர்வாகப் பக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது: கேபிள் சரி, ரௌட்டர் சரி, பெட்டி உயிரோடு இருக்கிறது. வரவில்லையென்றால் இது அப்டேட் விவகாரமே இல்லை. நம் ஊரில் அடிக்கடி நடப்பது இது: மின்சாரம் போய் வந்ததும் ரௌட்டர் பெட்டிக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் பழைய முகவரிக்கே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். பழி மட்டும் அதே வாரம் வந்த அப்டேட்டின் மேல் விழும். ரௌட்டரின் செட்டிங்கில் பெட்டிக்கென்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

பிரௌசரில் பெட்டி வந்துவிட்டது என்றால், அடுத்து ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அதே ஐபி எண்ணை அடியுங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லையென்றால் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் குறை. எண்ணையே ஷார்ட்கட்டாக வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். எண்ணிலும் திறக்கவில்லையென்றால் திரையில் வரும் செய்தியை நிதானமாகப் படியுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். அவசரத்தில் மூடிவிடுவோம், விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கும். எஸ்எம்பி1 என்ற சொல் அதில் இருந்தால் பெட்டிக்குப் பழைய பதிப்பு மட்டுமே தெரிகிறது. கெஸ்ட் அணுகலை உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று வந்தால் மேலே சொன்ன விருந்தாளிச் சிக்கல். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏது நிறுவனம் என்று குழம்ப வேண்டாம். செய்தி அலுவலகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கையொப்பம் செல்லாது என்று வந்தால் பெட்டி கையொப்பமிடத் திணறுகிறது அல்லது அந்த வசதி அதில் அணைக்கப்பட்டிருக்கிறது. 80070035 என்று முடியும் எண்ணோடு, பாதை கிடைக்கவில்லை என்று வந்தால் மட்டும் அது எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பல நோய்களுக்கும் அந்த ஒரே அறிகுறிதான்.

இதில் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. பல பெட்டிகளில் சாம்பா இப்படி அமைக்கப்பட்டிருக்கும்: தெரியாத யூசர் பெயரோடு யார் வந்தாலும் "தவறு" என்று சொல்லாமல் சத்தமில்லாமல் கெஸ்ட்டாக உள்ளே அனுமதிப்பது. விண்டோஸோ, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் லாகின் செய்திருக்கும் உங்கள் பெயரையே பெட்டிக்கு அனுப்பும். பெட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது, கெஸ்ட் ஆக்கிவிடும். இவ்வளவு காலமும் "பாஸ்வேர்டு கேட்காமலே திறக்குது" என்று நாம் மகிழ்ந்ததன் ரகசியம் இதுதான். இப்போது விண்டோஸ் அந்தக் கெஸ்ட் அனுமதியை மறுக்கிறது. பெட்டியில் சரியான யூசரை உருவாக்கிய பிறகும், பெயரில் ஓர் எழுத்து பிசகினால் "பாஸ்வேர்டு தவறு" என்று வராது. கெஸ்ட் தடுக்கப்பட்டது என்றே திரும்பவும் வரும். ஆகவே அந்தச் செய்தி மறுபடி வந்தால் பாஸ்வேர்டைவிட யூசர் பெயரின் எழுத்துகளை முதலில் சரிபாருங்கள்.

அடுத்தது பின் நம்பர். விண்டோஸ் 11இல் பலரும் நான்கு இலக்க எண்ணை அடித்து நுழைகிறார்கள். அந்த எண் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியது. நாஸ் பெட்டியிடம் அது செல்லாது. பெட்டியில் உருவாக்கிய யூசரின் பெயரும் பாஸ்வேர்டும்தான் தேவை. பழைய தவறான பாஸ்வேர்டு ஒன்று கம்ப்யூட்டரின் நினைவில் தங்கி, கேட்காமலேயே அதை அனுப்பிக்கொண்டிருக்கவும் கூடும். கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற இடத்தில் பெட்டியின் பெயரிலும் ஐபி எண்ணிலும் இருக்கும் பதிவுகளை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, புதிதாகக் கொடுங்கள்.

நிலையான தீர்வு பெட்டியின் பக்கத்தில்தான் இருக்கிறது. நிர்வாகப் பக்கத்தில் முதலில் பெட்டியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டில் யார் யார் பயன்படுத்துகிறார்களோ அவரவருக்கு ஒரு யூசர், ஒரு நல்ல பாஸ்வேர்டு. எஸ்எம்பி அல்லது விண்டோஸ் ஃபைல் சர்வீஸ் என்ற பகுதியில் குறைந்தபட்சப் பதிப்பு இரண்டு, அதிகபட்சம் மூன்று என்று வைத்து, கையொப்பத்தை இயக்குங்கள். கெஸ்ட்டை அணையுங்கள். பெட்டியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கையொப்பக் கணக்கால் வேகம் குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. பலவீனமான பழைய பெட்டியில் பெரிய ஃபைல்களுக்குக் கொஞ்சம் குறையலாம். டிசைன் ஃபைல்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் நடப்பில் என்ன நடக்கிறது? கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பியை அழைத்தால் "அண்ணே, கெஸ்ட்டை ஆன் பண்ற கமாண்ட் ஒண்ணு இருக்கு, ரெண்டு நிமிஷம்ணே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸில் கெஸ்ட்டைத் திரும்ப அனுமதிக்கலாம், கையொப்பக் கட்டாயத்தை நீக்கலாம், எஸ்எம்பி முதல் பதிப்பைக்கூட மீண்டும் போடலாம். ஃபோல்டர் உடனே திறக்கும். வீடியோக்களிலும் இதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். என் தீர்ப்பு: இது வைத்தியமே அல்ல. பெட்டியில் இருக்கும் ஒரு குறைக்காக, அந்தக் கம்ப்யூட்டரின் காவலை எல்லா நெட்வொர்க்கிலும் தளர்த்திவிடுகிறோம். காஞ்சிபுரத்துப் பட்டு வீடுகளுக்குச் சேலை பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தபடி இருக்கிறார்கள். வந்தவர்கள் வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் மறுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கெஸ்ட்டாகத் திறந்த பெட்டி என்றால், அந்த வைஃபையில் இருக்கும் எந்தப் போனும் உங்கள் டிசைன்களை எடுத்துப் போகலாம், அழிக்கலாம். வந்தவர்களுக்கென்று ரௌட்டரில் கெஸ்ட் வைஃபை ஒன்றைத் தனியாகத் திறந்து வையுங்கள். அந்த விருந்தாளி வசதி நல்லது.

பெட்டிக்கு ஃபர்ம்வேர் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகி, முதல் பதிப்பைத் தவிர வேறு தெரியாது என்றால் என்ன செய்வது? உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாக வேண்டும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி1 வரிசையின் கீழ் கிளையண்ட், சர்வர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். வானாக்ரை தாக்கியது சர்வர் பக்கத்தை. ஆகவே கிளையண்டை மட்டும் டிக் செய்து, ரௌட்டரின் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அன்றே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள். பழைய பெட்டிகளை நம்பியிருப்பதன் ஆபத்துக்கு 2021 ஜூனில் ஒரு சான்று கிடைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் 2015க்குப் பின் ஃபர்ம்வேர் பெறாதவை. இன்டர்நெட் வழியாக யாரோ அவற்றை ஒட்டுமொத்தமாக ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டார்கள். பல நாடுகளில் மக்கள் காலையில் எழுந்து பார்த்தபோது ஆண்டுக்கணக்கான போட்டோக்களும் வேலைகளும் துடைத்தெடுக்கப்பட்டிருந்தன.

தறித் தொழிலுக்கே உரிய ஒரு தலைகீழ்ச் சிக்கலும் இருக்கிறது. அட்டையில் துளை போடும் பஞ்சிங் மெஷினோடு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று கட்டப்பட்டிருக்கலாம். மெஷினின் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது என்பதால் அதை மாற்ற முடியாமலும் இருக்கலாம். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி முதல் பதிப்பு மட்டுமே தெரியும். பெட்டியை நீங்கள் நல்லபடியாக அப்டேட் செய்த அன்று அந்தக் கம்ப்யூட்டருக்குக் கதவு மூடிக்கொள்ளும். அதற்காகப் பெட்டியைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8 அன்று. அது நெட்வொர்க்கில் இருக்கவே கூடாது. வைஃபையும் கேபிளும் இல்லாமல் அதைத் தனியாக வைத்து, டிசைனைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். ஒரு முந்தானையின் துளைக்கணக்கு 60 கிலோபைட் என்று பார்த்தோமே, அதற்குப் பென்டிரைவ் தாராளம். எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிகளுக்கும் பென்டிரைவில் டிசைன் ஏற்றும் வழி உண்டு.

மேக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் டிசைனர்களும் தப்பவில்லை. ஆப்பிளின் சொந்த ஃபைல் மொழியான ஏஎஃப்பி கைவிடப்படும் நிலையில் இருப்பதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. 2018இல் விற்பனை நிறுத்தப்பட்ட டைம் கேப்ஸ்யூல் பெட்டிக்குத் தெரிந்தவை அந்த ஏஎஃப்பியும் எஸ்எம்பி முதல் பதிப்பும்தான். மேலும் 2024இல் வந்த மேக்ஓஎஸ் செகோயாவிலிருந்து, வீட்டு நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேட, ஆப்பிளுடையது அல்லாத ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக அனுமதி தர வேண்டும்; அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் மறுப்புச் சொல்லியிருந்தால் பிரைவசி செட்டிங்கில் போய் மாற்றலாம்.

இவ்வளவும் சரியாகிவிட்டாலும் ஒரு விஷயம் மீதம் இருக்கிறது. நாஸில் இருப்பதாலேயே ஃபைல் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி ஒரு டிஸ்க் செத்தால்தான் காப்பாற்றும். வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால், அந்தக் கம்ப்யூட்டரால் எழுத முடிகிற எல்லா ஷேர் ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டும். இரண்டாவது டிஸ்க்கும் அதே நொடியில் பூட்டப்படும். வாரம் ஒருமுறை செருகி, நகலெடுத்து, கழற்றிப் பீரோவில் வைக்கும் ஒரு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் இதற்கு மலிவான பதில். அது வீட்டைவிட்டு வேறிடத்தில், ஓர் உறவினர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பரணில் கட்டி வைத்த பழைய ஜக்கார்டு அட்டைகளை இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாஸ்வேர்டோ அப்டேட்டோ தேவைப்படாத நகல் உங்களிடம் இருக்கிறது. போடுவதற்கு முன் ஸ்கேனாவது செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸ் 10இலேயே தொடர்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஓராண்டு நீட்டிப்புத் தந்தது. அந்தத் திட்டத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரைதான். இன்னும் மாறாதவர்கள், அவசர ஆர்டர் எதுவும் கையில் இல்லாத ஒரு நாளில், மாறுவதற்கு முன்பே பெட்டியில் யூசரை உருவாக்கி, கெஸ்ட்டை அணைத்து, தனி டிஸ்க்கில் ஒரு முழு நகல் எடுத்து வையுங்கள். பெட்டியின் மாடல், ஐபி எண், யூசர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.